காடு வெட்டியவர்களுக்கு முன்னால்

சென்ற வாரம் கரூரில் நிறுத்திய பயணம் இந்த வாரம் மேற்கே திரும்பி, சின்னதாராபுரம், மூலனூர் வழியாகத் தாராபுரம் போகிறது. கோட்டையோ பெரிய கோபுரமோ கண்ணில் படாத சாலை. இருபுறமும் கொறங்காடுகள் எனப்படும் மேய்ச்சல் நிலங்கள்தான். முள்கிளுவையை நெருக்கி நட்ட உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரங்கள். நிலத்தை மூன்று நான்காகத் தடுத்து வைத்திருப்பார்கள். ஒன்றில் புல் தீர்ந்தால் மாட்டை அடுத்ததற்கு ஓட்டுவார்கள். வெள்வேல நெற்று உதிரும் காலத்தில் ஆடுகளுக்கு அதுவே தீனி. காங்கேயம் மாட்டினத்தை வளர்த்தெடுத்தது இந்த மேய்ச்சல் முறைதான். மழை பொய்க்கும் மண்ணில் இப்படியொரு ஏற்பாட்டைப் பார்க்கும்போது, ஆளில்லாக் காட்டை வெட்டித் திருத்திய முன்னோரின் பெருமையைக் கொங்குக் குடும்பங்கள் சொல்வது நியாயமாகவே படுகிறது. திருத்தினார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆளில்லாக் காடு என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

முதல் சாட்சி மண்ணுக்குள் இருக்கிறது. மூலனூருக்கு வடக்கே, நொய்யல் கரைக் கொடுமணலில், 1985 முதல் பேராசிரியர் கா. ராஜன் உள்ளிட்டோர் நடத்திய அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், கல்மணி செய்த பட்டறைகளும், தமிழ்ப் பிராமியில் பெயர் கீறிய நூற்றுக்கணக்கான பானை ஓடுகளும் கிடைத்தன. பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இதுவே என்பது ஆய்வாளர் முடிவு. காங்கேயம் பக்கத்துப் படியூரில் பச்சைக்கல் வெட்டினார்கள். உடுமலை வட்டாரத்துப் பூதிநத்தத்திலும் கோவை வெள்ளலூரிலும் ரோமானிய வெள்ளிக் காசுகள் புதையலாகவே வெளிப்பட்டன. கரூருக்கு அருகே புகளூர் ஆறுநாட்டான் மலைக் கல்வெட்டுகளில், சேர அரசர்களோடு கருவூர்ப் பொன்வாணிகன் ஒருவனும் இடம்பெறுகிறான். பாலக்காட்டுக் கணவாய்க்கும் காவிரிக்கும் நடுவே இத்தனை நடமாட்டம் இருந்த நிலத்தை யாரும் காலடி வைக்காத காடு என்பது எப்படி?

இங்கே ஒரு மறுப்பு வரும், வலுவான மறுப்புதான். கொடுமணலின் செழிப்பு கி.பி. முதல் சில நூற்றாண்டுகளோடு மங்கிவிட்டது, அதன்பின் காடு மூடியிருக்கலாமே, பின்னால் வந்தவர்கள் வெட்டியது நிஜமான காடாகத்தானே இருந்திருக்கும்? இருக்கலாம். ஆனால் காடு மூடுவது வேறு, மனிதர் இல்லாமல் போவது வேறு. இதற்குச் சாட்சி சொல்வது குடியேறியவர்களின் சொந்தக் கதையே. உடுக்கையடித்துப் பாடும் அண்ணன்மார் கதையில், அண்ணன்மாரான பொன்னர், சங்கரின் முன்னோர் சோழனிடம் நிலம் பெற்று உழவைத் தொடங்குகிறார்கள், காடோ வேட்டுவருடையது. தங்கை கேட்டாள் என்று பொன்னரும் சங்கரும் அந்தக் காட்டிலிருந்து கிளியைப் பிடித்துவரச் செய்கிறார்கள். அதற்குப் பதிலடியாக வேட்டுவர் பக்கமிருந்து கொம்பன் என்ற காட்டுப்பன்றி வயலை அழிக்க வருகிறது. உடுக்கடிப் பாட்டெல்லாம் வரலாறாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. சங்கர் எந்த ஆண்டில் வாழ்ந்தார் என்பதற்கு இந்தப் பாட்டு ஆதாரமாகாதுதான். ஆனால் வென்றவர் பக்கத்துக் கதை, தோற்றவருக்கும் ஒரு நியாயக்கணக்கு இருந்ததை மறைக்காமல் வைத்திருக்கிறதே, அதைப் புறந்தள்ள முடியாது. 1960களில் காங்கேயம் பகுதியில் தங்கி ஆய்வு செய்த கனடிய மானிடவியலாளர் பிரெண்டா பெக் இந்தக் கதையை முழுமையாகப் பதிவு செய்ததால், இன்று வரி வரியாகச் சரிபார்க்கவும் வழி இருக்கிறது.

ஆளிருந்த நிலத்தை ஆளில்லாததாகக் கொள்வது இங்கே மட்டும் நடந்ததல்ல. அமெரிக்காவில் 1862-இல் ஹோம்ஸ்டெட் சட்டம் ஆளுக்கு 160 ஏக்கர் வரை கொடுத்தபோது, அந்தப் புல்வெளிகளில் பூர்வகுடிகள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அங்கே சட்டமும் ராணுவமும் செய்த வேலையை இங்கே யார் செய்தார்கள் என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. கொங்கில் வேட்டுவர் அழிந்துவிடவில்லை. வேட்டுவக் கவுண்டர்களாக இன்றும் நிலத்தோடு இருக்கிறார்கள். அதனால் அமெரிக்க ஒப்பீட்டை இதற்கு மேல் இழுக்கக் கூடாது.

மூலனூரை இன்று வெளியூர் அறிவது முருங்கைக்காகவும் பருத்தி ஏலத்துக்காகவும். சுற்றுவட்டாரத்தில் காற்றாலைகள் எழுந்துவிட்டன, சூரியத் தகடுகளும் பரவுகின்றன. மேய்ச்சலுக்கு விட்ட கொறங்காட்டைப் பார்த்து, ‘சும்மா கிடக்கிற பூமிதானே’ என்று விலை பேசுகிறார்கள்.