மான் தோலின் விலை

அமெரிக்கர்கள் பேச்சு வழக்கில் டாலரைப் 'பக்' என்று சொல்வதுண்டு. பக் என்றால் கலைமான். ஒரு தேசத்தின் நாணயத்துக்கு மானின் பெயர் வந்தது எப்படி?

18-ஆம் நூற்றாண்டில் அந்நாட்டின் எல்லைப்புறக் காடுகளில் காசு அபூர்வம். மான் தோல் தாராளம். ஆகவே தோலே காசாயிற்று. 1748-இல் ஓஹையோ நதிப் பக்கம் தூது சென்ற கான்ராட் வைசர் என்பவர், ஒரு பீப்பாய் விஸ்கிக்கு 5 பக் என்று விலை குறித்திருக்கிறார். டாலரின் செல்லப் பெயர் இப்படித்தான் பிறந்தது என்பது பலருடைய கொள்கை.

மானைக் காசாக மாற்றிய கருவி ஒன்று உண்டு. அதுதான் வாய் வழியே மருந்து கெட்டிக்கும் நீண்ட ரைபிள்.

பென்ஸில்வேனியாவில் லங்காஸ்டர் என்ற ஊரைச் சுற்றி, ஜெர்மனியிலிருந்தும் ஸ்விட்ஸர்லாந்திலிருந்தும் வந்த கொல்லர்கள் குடியேறினார்கள். அவர்கள் கொண்டு வந்த துப்பாக்கி குட்டையானது. குழாயின் வாயோ அகலமானது. ஒரு பவுண்டு ஈயத்தை உருக்கினால் அதற்கு இருபது குண்டுக்குமேல் தேறாது. ஈயத்தையும் மருந்தையும் முதுகில் சுமந்துகொண்டு மாதக் கணக்கில் காட்டில் அலைபவனுக்கு இது கட்டி வருமா? கொல்லர்கள் யோசித்தார்கள். குழாயின் வாயைச் சுருக்கி, நீளத்தை மூன்றரை அடிக்கும் அதற்கு மேலும் இழுத்தார்கள். இப்போது அதே ஒரு பவுண்டு ஈயத்தில் நாற்பது, ஐம்பது குண்டுகள் கிடைத்தன!

இரும்புப் பட்டையை ஒரு கம்பியின்மேல் சுற்றிப் பற்றவைத்துக் குழாய் செய்வார்கள். பிறகு அதன் உட்புறத்தில் திருகு திருகாக வரிகளைக் கையாலேயே அறுப்பார்கள். இந்த வரிகள்தாம் ரைபிளின் உயிர். குண்டு பம்பரம் போலச் சுழன்று, நேராகப் போகும். வரியில்லாத மஸ்கட் துப்பாக்கி நூறு கஜத்துக்கு அப்பால் குறி தவறும். இதுவோ கைதேர்ந்தவனிடம் இருநூறு கஜம் வரையில் பேசும். அடிக்கட்டைக்குப் புலிவரி ஓடிய மேப்பிள் மரம். விசைப் பொறியை மட்டும் பெரும்பாலும் கடல் கடந்து வரவழைத்தார்கள்.

அவசரக்காரனுக்கு இந்த ஆயுதம் ஆகாது. மருந்தை அளந்து கொட்டி, கொழுப்புத் தடவிய துணித் துண்டில் குண்டைப் பொதிந்து, கோலால் அடி வரை இடித்து இறக்கி, கிண்ணியில் பற்றுமருந்து தூவ வேண்டும். அதற்குள் ஏறக்குறைய ஒரு நிமிஷம் ஆகிவிடும். முதல் வெடி தவறினால் மான் அடுத்த மலைக்குப் போயிருக்கும். மழையில் கிண்ணி நனைந்தால் வேட்டை அன்றோடு சரி. எனவே வேடனுக்குப் பொறுமையும் ஒரே வெடியில் காரியத்தை முடிக்கும் பழக்கமும் வந்தன.

இந்தத் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டுதான் 1769-இல் டானியல் பூன், கம்பர்லண்ட் கணவாய் வழியாகக் கென்டக்கிக்குள் நுழைந்தார். மாதக் கணக்கில் வேட்டையாடித் தோல்களைக் குவித்தார். அவ்வருஷக் கடைசியில் ஷானி மக்கள் அவரைப் பிடித்துத் தோல்களைப் பறித்துக்கொண்டு, "இனி இந்தப் பக்கம் வராதே" என்று எச்சரித்து அனுப்பினார்கள். பூனுடைய வீரத்தைப் பாடுகிறவர்கள் இதைக் கொள்ளை என்பார்கள். ஆனால் அந்தக் காடு யாருடையது என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.

அந்தப் பழங்குடி மக்களும் துப்பாக்கி வாங்கினார்கள். முதலில் மலிவான வரியில்லாத் துப்பாக்கிகள், பிறகு ரைபிள்களும். விலை மான் தோல்தான். துப்பாக்கியை வாங்கிவிட்டால் போதுமா? மருந்து வேண்டும், ஈயம் வேண்டும், பொறி உடைந்தால் கொல்லன் வேண்டும். இவை எல்லாம் வெள்ளைக்கார வியாபாரியின் கையில். அவன் கடனாகவே கொடுத்தான். கடனைத் தீர்க்க மேலும் மான்களைக் கொன்றார்கள். மான் குறைந்தது, கடன் வளர்ந்தது. கடைசியில் 1773-இல் அகஸ்டா நகரில் க்ரீக் மக்களும் செரோக்கி மக்களும், வியாபாரிகளின் பாக்கிக்கு ஈடாக ஜார்ஜியாவுக்கு எழுதிக் கொடுத்த நிலம் இருபது லட்சம் ஏக்கருக்கு மேல்! வட்டிக் கடையில் நகையை வைத்து, பிறகு வீட்டையும் இழந்த குடும்பங்களை நாம் அறிவோம். இங்கே ஒரு தேசமே அப்படிப் போயிற்று.

பூன் மட்டும் வாழ்ந்தாரா? கென்டக்கியில் அவர் வளைத்த நிலங்கள் பத்திரக் கோளாறிலும் வழக்குகளிலும் கரைந்தன. 1799-இல் மிஸௌரிக்குப் போய், 1820-இல் அங்கேயே காலமானார். ஆயுதத்துக்கு மட்டும் புகழ் நிலைத்தது. 1815-இல் நடந்த நியூ ஆர்லியன்ஸ் போரில் ஆங்கிலேயரைப் பெரும்பாலும் பீரங்கிகளே வீழ்த்தின. ஆனால் பிறகு எழுந்த ஒரு பாட்டு கென்டக்கி வேட்டைக்காரரைக் கொண்டாடியது. பென்ஸில்வேனியாக் கொல்லரின் கைவேலை, 'கென்டக்கி ரைபிள்' என்று பெயர் பெற்றது இப்படித்தான்.

மேற்குச் சமவெளியில் காட்டெருமையும் பெருங்கரடியும் எதிர்ப்பட்டபோது நீண்ட மெல்லிய குழாய் போதவில்லை. செயின்ட் லூயி நகரில் ஜேக்கப், ஸாமுவேல் ஹாக்கன் என்ற சகோதரர்கள் குட்டையும் கனமுமான ரைபிள் செய்து கொடுத்தார்கள். பின்பக்கமாகத் தோட்டா போடும் துப்பாக்கி வந்ததும் அதன் காலமும் முடிந்தது.

முற்றிலும் முடிந்ததென்று சொல்வதற்கில்லை. வேட்டையால் மான் அருகிப்போன பென்ஸில்வேனியா, 1906 முதல் வெளி மாநிலங்களிலிருந்து மான்களை வாங்கிக் காட்டில் விட்டது. மான் பெருகிய பிறகு, 1974-இல் சக்கிமுக்கித் துப்பாக்கிக்கென்றே ஒரு வேட்டைப் பருவத்தை ஏற்படுத்தியது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் முதல், பனி படிந்த காட்டில், தாத்தா காலத்துக் கருவியோடு மனிதர்கள் காத்திருக்கிறார்கள். இன்று அந்தத் துப்பாக்கிக்கு டாலரை எண்ணிக் கொடுத்தால் போதும். அன்று அதைக் கடனுக்கு வாங்கியவர்கள் கொடுத்த விலை எந்தக் கடைச் சீட்டிலும் எழுதப்படவில்லை. அகஸ்டாவில் எழுதிய உடன்படிக்கையில்தான் இருக்கிறது.