ஹோலோடைப்

சாணி வண்டு ஒன்றைப் புதிய இனம் என்று அறிவிக்கும் கட்டுரையில் அடிக்கடி கண்ணில் படும் சொல் இது. கிரேக்கத்தில் ‘ஹோலோஸ்’ என்றால் முழுமை. ‘டைபோஸ்’ என்றால் அடித்துப் பதித்த தடம், முத்திரை. அச்செழுத்தைக் குறிக்கும் ‘டைப்’பும் அங்கிருந்து வந்ததுதான்.

மயிலாப்பூரில் பேரனைப் பார்த்து “அச்சு அசல் தாத்தாவேதான்” என்பார்கள். அச்சு தமிழ்; அசல் என்பது வேர், மூலம் என்று பொருள்படும் அரபுச் சொல். ஹோலோடைப்புக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. இனத்தின் பெயருக்கு அசலாக நிற்கும் ஒரே ஒரு வண்டு அது. அதன் வலப்பக்க முன்சிறகில் ஊசி குத்தி, பிடித்த ஊர், நாள், பிடித்தவர் பெயர் எழுதிய துண்டுச் சீட்டுகளை அதே ஊசியில் கோத்துவிடுவார்கள். ஹோலோடைப் என்று காட்டும் சீட்டு பெரும்பாலும் சிவப்பு.

தென்னங்குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டுக்கு லின்னேயஸ் 1758இல் பெயரிட்டபோது இந்த ஏற்பாடு கிடையாது. இன்றைய சர்வதேச விதிப்படி, 1999க்குப் பிறகு வெளியாகும் எந்தப் புது இனப்பெயருக்கும் மூல மாதிரியை வெளிப்படையாகக் குறித்தாக வேண்டும். வெறும் வர்ணனை போதாது: கொம்பில்லாத இரண்டு கறுப்பு வண்டுகள் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும், ஆணின் பிறப்புறுப்பு வடிவம்தான் பல வேளைகளில் அவற்றைப் பிரிக்கும். சாந்தோம் நெடுஞ்சாலையில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் போன்ற இடங்களில் மாதிரிகளைப் பூச்சி அரிக்காமல் காப்பது அதனால்தான்.