மலையின் மேற்குப் பக்கம்: அடி அண்ணாமலை

அண்ணாமலையார் கோயில் மலையின் கிழக்கடிவாரத்தில் அமைந்தமையால், 217 அடி உயர இராசகோபுரத்தைச் சூழ்ந்த மாடவீதிகளும் கடைத்தெருவும் பேருந்து நிலையமும் அப்பக்கமே பெருகின. மலைக்கு மறுபுறம், கிரிவலப் பாதையின் ஏறத்தாழப் பாதித் தொலைவில் அமைந்த அடி அண்ணாமலையோ பெரும்பாலோர்க்கு வழியில் கடந்து செல்லும் ஊராகவே நின்றுவிட்டது. ஆயினும் திருவண்ணாமலையின் பழமையை முழுமையாக அறிய விரும்புவோர் இவ்வூரில் சற்றுத் தங்கியே ஆகவேண்டும்.

மலையை வலப்பக்கம் வைத்துச் சுற்றிவரும் வழிபாடே கிரிவலம். ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளும் அதன் பாதையில் எண்திசைக் காவலர் பெயரால் அமைந்த சிவலிங்கங்கள் அட்டலிங்கங்கள் எனப்படும். அவற்றுள் மேற்றிசைக்குரிய வருணலிங்கத்தைக் கடந்து, வடமேற்றிசைக்குரிய வாயுலிங்கத்தை எட்டுமுன் அடி அண்ணாமலை வந்துவிடுவதால், நடப்பவர் தாம் மலைக்கு எத்திசையில் நிற்கிறார் என்பதைச் சன்னதிகளின் பெயர்களைக் கொண்டே அறிந்துகொள்ளலாம்.

ஊரின் நடுநாயகமான ஆதி அருணாசலேசுவரர் கோயிலின் இலிங்கத்தைப் பிரமனே நிறுவி வழிபட்டான் என்பது தலமரபு. சிவனின் முடியைத் தேடிச் சென்று காணாத பிரமன், கண்டதாகப் பொய்யுரைத்துப் பழியேற்ற கதை அண்ணாமலைத் தலபுராணத்தின் உயிர்நாடி. அவனே பணிந்து வழிபட்ட இடமாக மரபு இவ்வூரைக் காட்டுவதால், அக்கதையின் நிறைவுப் பகுதி மலையின் மேற்குப் பக்கத்தில் நிகழ்கிறது எனலாம். 1896இல் திருவண்ணாமலைக்கு வந்து 1950இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்த இரமண மகரிசியும், அன்பர் புடைசூழ மேற்கொண்ட கிரிவலங்களில் இக்கோயிலில் தங்கியதுண்டு.

சைவ இலக்கிய வரலாற்றிலும் இவ்வூருக்கு நிலைத்த இடமுண்டு. மாணிக்கவாசகர் அருளிய திருவாசகத்துள் திருவெம்பாவையும் திருவம்மானையும் திருவண்ணாமலையில் பாடப்பட்டவை என்பது பதிப்புகள் தரும் தலக்குறிப்பு. திருவெம்பாவை பிறந்த இடமாக மரபு சுட்டுவது அடி அண்ணாமலையை. அங்கே மாணிக்கவாசகருக்குத் தனிக்கோயிலும் உள்ளது. மார்கழியில் கன்னியர் ஒருவரையொருவர் துயிலெழுப்பி நீராடச் செல்லும் பாவை நோன்பைப் பொருளாகக் கொண்ட அவ்விருபது பாடல்களை இவ்வூரில் வைத்து எண்ணும்போது நிலவியல் உண்மையொன்றும் துணைநிற்கிறது: மலை கிழக்கே உயர்ந்து நிற்பதால் இங்கு வெயில் தாழ்ந்தே வருகிறது, கோயில் நகரத்தின் தெருக்களில் இளவெயில் பரவிய பின்னும் அடி அண்ணாமலை மலைநிழலில் கிடக்கும், மாலையிலோ நகரின் பக்கம் நிழல் விழ, இவ்வூரை நோக்கிய பாறைச்சரிவு கதிரொளியில் சிவந்து தோன்றும். திருவெம்பாவையோ கடல்கடந்து சயாம் நாட்டு அரசவை அந்தணர் சடங்கிலும் இடம்பெற்றது. பாங்காக்கில் 1935 வரை நடைபெற்ற பேரூஞ்சல் விழாவுக்கு வழங்கிய ‘திரியம்பாவை’ என்னும் பெயர் அத்தொடர்பைக் காட்டும்.

மேற்கு நோக்கிச் செங்கம் சாலையில் செல்வோர்க்கு வரலாறு மேலும் பின்னோக்கி விரியும். பத்துப்பாட்டுள் ஒன்றான மலைபடுகடாம் புகழும் நன்னன் சேய் நன்னனின் ஊர் செங்கமே என்பர். போரிலும் ஆநிரை மீட்பதிலும் உயிர்நீத்த வீரர்க்கு எடுத்த நடுகற்கள் செங்கம் வட்டாரத்தில் மிகுதியாகக் கிடைக்க, தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் அவற்றைத் தனிநூலாகவே வெளியிட்டது. கோயிலும் பதிகமும் மட்டுமன்றி, ஆநிரை காத்த எளிய வீரரின் நினைவும் இந்நிலத்துக்கு உரியது என்பதை அக்கற்கள் உணர்த்துகின்றன.

திருவண்ணாமலை 2024இல் மாநகராட்சியாக உயர்ந்துள்ள நிலையில், புறநகர் விரிவு தவிர்க்க இயலாதது. பௌர்ணமி இரவில் கூட்டத்தோடு கூட்டமாக நடப்பவர்க்கு இவ்வூர் கடைவிளக்குகளின் வரிசையாகவே தோன்றும். கூட்டமில்லாத நாளொன்றின் விடியலில் வருபவர்க்கே மலையும் கோயிலும் மாணிக்கவாசகர் சன்னதியும் ஒன்றுக்கொன்று கொண்டுள்ள உறவு புலப்படும். புதிய மனைப்பிரிவுகளும் கட்டடங்களும் எழும்போது, மலைக்கும் ஊருக்கும் இடைப்பட்ட பார்வை மறையாமல் காப்பதே அடி அண்ணாமலையை அறிந்தோர் அதற்குச் செய்யத்தக்க கைம்மாறு.