கூம்பு நத்தை நச்சும் முத்துக்குளித்துறைக் கடலும்

கூம்பு நத்தை என்பது வெப்பக் கடல்களில் வாழும், நச்சு கொண்ட ஓர் ஊனுண்ணி நத்தையாகும். இதன் அறிவியல் பேரினப் பெயர் கோனஸ். உலகில் 800க்கும் மேற்பட்ட கூம்பு நத்தை இனங்கள் அறியப்பட்டுள்ளன. தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை பரந்துள்ள மன்னார் வளைகுடாவிலும் இவற்றுள் பல இனங்கள் வாழ்கின்றன. இவற்றின் ஓடுகள் அழகிய நிறமும் கோலமும் உடையவை. ஆதலால் கடற்கரைக் கடைகளில் இவை அலங்காரப் பொருளாக விற்கப்பட்டு வந்தன. இந்த ஓட்டினுள் வாழும் உயிரியின் நச்சு இரையின் தசைகளை நொடிகளில் செயலிழக்கச் செய்யக்கூடியது. அந்த நச்சிலிருந்தே பின்னாளில் கடும் வலிக்கான ஒரு மருந்தும் கிடைத்தது.

முத்துக்குளிப்பும் கடல் ஆபத்துகளும்

பாண்டியரின் துறைமுகமான கொற்கையின் முத்துக்குளிப்பைப் பற்றிக் கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்ரேயக் கடல் பெரிப்ளஸ்' என்னும் கிரேக்க நூல் குறிப்பிடுகிறது. தண்டனை பெற்ற கைதிகள் இத்தொழிலில் ஈடுபடுத்தப்பட்டதாக அந்நூல் கூறுகிறது. கடலடியில் இருந்த ஆபத்தை இச்செய்தியிலிருந்து ஊகிக்கலாம்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, பெரிய மீன்களை மந்திரத்தால் கட்டி வைப்பவர்களுக்கு முத்துக்குளிப்போர் தம் வருவாயில் இருபதில் ஒரு பங்கைக் கொடுத்ததாக எழுதியுள்ளார். இவர்களைப் பிற்காலத்தில் 'கடல்கட்டிகள்' என்று அழைத்தனர். பழைய குறிப்புகளில் சுறாவைப் பற்றிய அச்சமே பெரிதாகப் பேசப்படுகிறது. சுறா கண்ணுக்குத் தெரியும் பகைவன். கூம்பு நத்தையோ பகலில் மணலுக்குள்ளும் பாறை இடுக்குகளிலும் பதுங்கியிருந்து, பெரும்பாலும் இரவில் இரை தேடும். முத்துக்குளிப்பு பகலில் நடந்த தொழில். இருவரும் நேருக்கு நேர் சந்திப்பது அரிதாக இருந்ததற்கு இதுவே காரணமாகலாம்.

மேலை நாட்டுப் பதிவுகள்

கூம்பு நத்தையால் மனிதர் இறந்ததை எழுத்தில் பதிவு செய்த முன்னோடி ரம்பியஸ் என்னும் இயற்கையியலாளர். இவர் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் அம்போன் தீவில் வாழ்ந்தவர். பண்டா தீவில் இந்நத்தையைக் கையில் பிடித்திருந்த ஒரு பெண் இறந்த செய்தியை எழுதி வைத்தார். அவர் மறைந்தபின், 1705ஆம் ஆண்டில் அவரது நூல் வெளிவந்தது. அப்போது தூத்துக்குடியும் அதே டச்சுக் கம்பெனியின் கையில்தான் இருந்தது. 1658இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து அது தூத்துக்குடியைக் கைப்பற்றியிருந்தது.

1935ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் ஹேமன் தீவில் ஓர் இளைஞர் இந்நத்தை கொட்டி இறந்தார். இதன்பின் மருத்துவ உலகின் கவனம் இந்நச்சின் மீது திரும்பியது. இதுவரை உலகில் 30க்கும் மேற்பட்ட இறப்புகள் பதிவாகியுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் கோனஸ் ஜியோகிராபஸ் என்னும் ஒரே இனமாகும். 1950களில் ஆலன் கோன் என்னும் அமெரிக்க விலங்கியலாளர், மெதுவாக ஊரும் இந்நத்தைகளுள் சில, விரைந்து நீந்தும் மீன்களைக் கொட்டி உண்பதை விளக்கினார். இந்தியக் கடல்களின் கூம்பு நத்தைகளைப் பற்றிய அவரது விரிவான ஆய்வு 1978இல் வெளியானது.

நச்சு செயல்படும் முறை

மற்ற நத்தைகளில் உணவைச் சுரண்டுவதற்குப் பயன்படும் பல், கூம்பு நத்தையில் உள்ளீடற்ற சிறு ஈட்டியாக மாறியுள்ளது. நீண்ட குழாய் ஒன்றில் நச்சு சுரக்கிறது. தசைப் பை ஒன்று சுருங்கி அதனை ஈட்டிக்குள் செலுத்துகிறது. பெரும்பாலான இனங்கள் கடற்புழுக்களையும், சில இனங்கள் பிற நத்தைகளையும், இன்னும் சில மீன்களையும் உண்கின்றன.

தசை அசைவதற்கு நரம்பிலிருந்து செய்தி வர வேண்டும். நரம்பு முனையில் கால்சியம் நுழையும் வாயில்கள் திறக்கின்றன. உடனே அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் வெளிப்பட்டு, தசையில் உள்ள ஏற்பிகளைத் தொடுகிறது. தசை சுருங்குகிறது. கூம்பு நத்தையின் நச்சு இச்சங்கிலியைப் பல இடங்களில் அறுக்கிறது. ஒமேகா வகை நச்சு கால்சியம் வாயிலை அடைக்கிறது. ஆல்பா வகை ஏற்பியை மறைக்கிறது. மியூ வகை தசையின் சோடியம் வாயிலை மூடுகிறது. மனிதரில் மூச்சுத் தசைகள் செயலிழக்கும்போது உயிருக்கு ஆபத்து நேர்கிறது. இதற்கு முறிமருந்து இல்லை. நச்சின் வேகம் தணியும்வரை செயற்கை மூச்சு அளிப்பதே உயிர் காக்கும் வழி.

நிலத்தில் வாழும் உண்ணிகளும் இதைப் போன்ற விளைவை உண்டாக்குகின்றன. ஆஸ்திரேலியாவின் இக்சோடெஸ் ஹோலோசைக்ளஸ் என்னும் உண்ணி ஏற்படுத்தும் 'உண்ணி வாதம்' பற்றி இயன் கிளூனிஸ் ராஸ் 1926இல் சோதனை வழி ஆய்வை வெளியிட்டார். அந்த உண்ணியின் உமிழ்நீர், நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் வெளிப்படுவதைத் தடுக்கிறது. ஆனால் உண்ணி நாட்கணக்கில் ஒட்டியிருந்து குருதி உறிஞ்சும்போது நச்சு மெல்ல மெல்ல ஏறுகிறது. கூம்பு நத்தைக்கு அந்த அவகாசம் இல்லை. கொட்டிய மீன் நீந்தித் தப்பிவிட்டால் நத்தையால் அதைத் துரத்திப் பிடிக்க முடியாது. இரையை அந்த நொடியிலேயே அசைவற்றதாக்கும் நச்சு அதற்குத் தேவைப்படுகிறது.

நஞ்சு மருந்தானது

பிலிப்பைன்சில் பிறந்த பால்டோமெரோ ஒலிவெரா, அமெரிக்காவில் பயின்று நாடு திரும்பியபோது அங்குப் போதிய ஆய்வுக் கருவிகள் இல்லை. எளிதாகக் கிடைத்த கூம்பு நத்தைகளை ஆராயத் தொடங்கினார். பின்னர் யூட்டா பல்கலைக்கழகத்தில் அவ்வாய்வைத் தொடர்ந்தார். அங்கு அவருடைய இளநிலை மாணவராக இருந்த மைக்கேல் மெக்கின்டோஷ், கோனஸ் மேகஸ் என்னும் இனத்தின் நச்சிலிருந்து 25 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பெப்டைடைப் பிரித்தெடுத்தார். இது தண்டுவடத்தில் வலிச் செய்தியைக் கடத்தும் கால்சியம் வாயிலை அடைக்கிறது. இதன் செயற்கை வடிவமான சிகோனோடைடு, 2004ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் மருந்தாக ஒப்புதல் பெற்றது. இது அபின் வகையைச் சாராத வலிநீக்கி. தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீர்மத்தில் நேரடியாகச் செலுத்தப்படுகிறது.

தமிழகக் கடல் தந்த அறிவு

தமிழகக் கடலில் கிடைக்கும் கோனஸ் அமாடிஸ் என்னும் இனம் பெங்களூரு ஆய்வாளர்களின் கவனத்தைப் பெற்றது. இந்திய அறிவியல் கழகத்தின் பி. பலராம், டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணன் ஆகியோர் அடங்கிய குழு, இவ்வினத்தில் ஏ.எம்.2766 என்னும் டெல்டா வகை நச்சைக் கண்டறிந்து 2003இல் வெளியிட்டது. இந்நச்சு சோடியம் வாயில் மூடிக்கொள்வதைத் தடுத்து நரம்பை ஓயாமல் தூண்டுகிறது.

ஓர் இனத்தின் நச்சில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட பெப்டைடுகள் உள்ளன. அவை இனத்துக்கு இனம் வேறுபடுகின்றன. ஆகவே ஓர் இனம் அழிந்தால், அதற்கே உரிய மூலக்கூறுகளும் ஆராயப்படாமலே மறைந்துபோகும். இந்த அழிவு இக்கடற்கரைக்குப் புதியதன்று. இருபது நூற்றாண்டுகளாகப் பெயர் பெற்றிருந்த தூத்துக்குடி முத்துக்குளிப்பு, பார்களில் சிப்பி குன்றியதால் 1961க்குப் பின் நடைபெறவில்லை.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை உள்ளடக்கிய பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. 1989இல் உயிர்க்கோளக் காப்பகமும் ஏற்படுத்தப்பட்டது. 2001இல் கோனஸ் மில்னே எட்வர்ட்சி என்னும் அரிய கூம்பு நத்தை, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றது. கடற்கரையில் கூம்பு வடிவ ஓடு கண்ணில் பட்டால், அது வெற்று ஓடு என்று உறுதியாகத் தெரியாதவரை கையில் எடுக்கலாகாது. சட்டைப் பையில் போட்டுக்கொள்வதும் ஆபத்தே. துணியைத் துளைத்தும் அதன் ஈட்டி தைக்கக்கூடும். கொட்டு பட்டவரை, வலி குறைவாக இருந்தாலும், மூச்சுக் கருவி வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்ல வேண்டும்.