வைத்தவர் மறைந்தபின் வாழும் அறம்

உபயம் வேறு, கட்டளை வேறு என்பதை ஆலயத்து அன்பர்கள் நன்கறிவர். உபயகாரர் திருவிழாவின் ஒருநாட் செலவை ஏற்கிறார். அத்தொகை அன்றே செலவாகிறது. கட்டளை வைப்பவரோ நிலத்தையோ பெருந்தொகையையோ நிலைமுதலாக ஒதுக்கி, அதன் வருவாயால் ஆண்டுதோறும் அறம் நடைபெற வகை செய்கிறார். இன்று தனியார் அறவாரியம் எனப்படுவது இக்கட்டளையின் விரிவே. ஊரார் திரட்டும் நன்கொடையால் அன்றி, ஒருவரோ ஒரு குடும்பமோ ஒதுக்கிய செல்வத்தால் அமைவது. அறங்காவலர் வசம் ஒப்படைக்கப்படுவது. கொடுத்தவரே திரும்பக் கேட்க இயலாதது.

இவ்வகையில் முதற்கண் நினைக்கத்தக்கவர் வள்ளல் பச்சையப்ப முதலியார். 1754இல் பெரியபாளையத்தில் பிறந்தவர். தந்தையின் முகம் காணாது வறுமையில் வளர்ந்தவர். சென்னையில் துபாசியாகப் பணியாற்றிப் பெரும்பொருள் ஈட்டினார். சிதம்பரம் கீழைக் கோபுரத் திருப்பணியில் அவருக்குப் பெரும் பங்குண்டு. 1794இல் திருவையாற்றில் இறைவனடி சேருமுன், தம் செல்வத்தை அறப்பணிகளுக்கென உயில் எழுதிவைத்தார். அப்போது அவருக்கு வயது நாற்பதே.

உயில் இருந்தது, அதைக் காப்பாரில்லை. பொறுப்பேற்றோர் கையில் பொருள் சிதறியது; வழக்குகள் நீண்டன. ஏறத்தாழ அரை நூற்றாண்டு வள்ளலின் விருப்பம் நீதிமன்றக் கட்டுகளில் உறங்கியது என்றே சொல்லலாம். சென்னை சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பாலும், அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டனின் முயற்சியாலும் பொருள் மீண்டது. இடையில் வட்டி பெருகியிருந்ததால், கோயிற் கட்டளைகளுக்குப் போக எஞ்சிய தொகை கல்விக்கு ஒதுக்கப்பட்டது. 1842 சனவரி முதல் நாளில் பள்ளி திறக்கப்பட்டது. 1889இல் அது கல்லூரியாயிற்று. கணிதமேதை இராமானுஜன் சிறிது காலம் பயின்றதும் அங்கேதான். தேர்வில் அவர் தேறவில்லை என்பது வேறு கதை!

சென்னையில் அவ்வுயிலைக் காத்த ஆங்கில அறச்சட்டம், 1807ஆம் ஆண்டின் அரச சாசனத்தால் பினாங்கிற்கும் வந்தது. அதன் கண்டிப்பை 1875இல் இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்த்த பினாங்கு வழக்கொன்று காட்டும். சீன மாது ஒருவர், தமக்கும் தம் கணவருக்கும் நினைவுச் சடங்குகள் என்றென்றும் நடைபெற ஒரு வீட்டை எழுதிவைத்திருந்தார். பக்தியில் குறையில்லை, ஆயினும் பயன் குடும்பத்தைத் தாண்டவில்லை. ஆகவே அது அறமாகாது, என்றென்றைக்குமாக நிலைக்கவும் முடியாது என்று தீர்ப்பாயிற்று. கொடுப்பவர் தனியாராக இருக்கலாம். பெறுவோர் பொதுமக்களாக இருத்தல் வேண்டும்.

இன்று மலேசியாவில் இத்தகைய அறவாரியத்தை அறப்பத்திரம் எழுதியோ, உத்தரவாத வரம்புடைய நிறுவனமாகப் பதிந்தோ அமைக்கலாம். 1952ஆம் ஆண்டின் அறங்காவலர் சட்டப்படி பதிவுபெற்ற அறங்காவலர் குழு, ஆட்கள் மாறினும் மறையாத சட்ட உருப் பெறுகிறது; சொத்தும் அக்குழுவின் பெயரிலேயே நிற்கும். நன்கொடையாளர் வரிக்கழிவு பெற வேண்டுமெனில், 1967ஆம் ஆண்டு வருமான வரிச்சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ்த் தனி அங்கீகாரம் தேவை.

காவலரே தவறினால்? அக்கேள்வியும் இம்மாநிலத்தில் எழுந்ததுதான். முஸ்லிம், இந்து அறச்சொத்துகள் பல சீர்குலைந்த நிலையில் 1905இல் சட்டம் இயற்றப்பட்டு, மறு ஆண்டு இரு சமயத்தாருக்கும் பொதுவானதொரு வாரியம் அமைந்தது. இன்றைய பினாங்கு இந்து அறப்பணி வாரியம் அதன் வழிவந்ததே.