குழந்தை முன்கூட்டியே பிறக்குமா? ஹார்மோன் பரிசோதனை சொல்லுமா?

பாயான் லெப்பாஸ் – பிரசவத் தேதிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கும்போதே வலி வந்துவிடுமோ என்ற பயம் பல கர்ப்பிணிகளுக்கு உண்டு. ‘ரத்தம் எடுத்துப் பார்த்தா முன்னாடியே தெரிஞ்சிடாதா?’ என்று நீங்களும் கேட்டிருக்கலாம்.

குறைமாதப் பிரசவம் என்றால் என்ன?

37 வாரம் நிறைவதற்குள் குழந்தை பிறப்பதுதான். 2020-இல் உலகில் ஏறத்தாழ 13.4 மில்லியன் குழந்தைகள் இப்படிப் பிறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அதாவது பத்தில் ஒன்று.

ஹார்மோனுக்கு என்ன தொடர்பு?

நஞ்சுக்கொடி சி.ஆர்.எச். என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. பிரசவம் நெருங்க நெருங்க அதன் அளவு வேகமாக ஏறும். குறைமாதத்தில் பிரசவித்த பெண்களுக்கு, 16 முதல் 20 வாரத்திலேயே அது கூடுதலாக இருந்ததை ஆஸ்திரேலியாவின் நியூகாசல் நகர ஆய்வாளர்கள் 1995-இல் கண்டறிந்தனர். 485 கர்ப்பிணிகளிடம் நடந்த அந்த ஆய்வு, இதை ‘நஞ்சுக்கொடியின் கடிகாரம்’ என்றது.

அப்படியானால் ஏன் கிளினிக்கில் சோதிப்பதில்லை?

ஆளுக்கு ஆள் அளவு மாறுகிறது. அளவு கூடிய பலருக்குக் குழந்தை சரியான நேரத்தில் பிறக்கிறது. குறைந்த சிலருக்கு முன்பே பிறந்துவிடுகிறது. கர்ப்பப்பையை அமைதியாக வைத்திருக்கும் புரோஜெஸ்டிரோனும், பிரசவத்துக்கு முன் மனித ரத்தத்தில் குறைவதில்லை. ஆகவே, ரத்த அளவை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

எது உதவும்?

முன்பு குறைமாதத்தில் பிரசவித்திருந்தால், முதல் பரிசோதனையிலேயே தாதியிடம் சொல்லிவிடுங்கள். ஸ்கேனில் கர்ப்பப்பை வாயின் நீளம் 25 மில்லிமீட்டருக்குக் குறைவாகத் தெரிந்தால், பிறப்புறுப்பில் வைக்கும் புரோஜெஸ்டிரோன் மருந்தை மருத்துவர் பரிந்துரைக்கலாம்.

எப்போது கிளம்ப வேண்டும்?

வயிறு விட்டு விட்டு இறுகுதல், விடாத இடுப்பு வலி, நீர் கசிவு, ரத்தப்போக்கு – இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காதீர்கள். ‘ஷிப்ட் முடிஞ்சதும் பார்த்துக்கலாம்’னு தொழிற்சாலையிலேயே இருந்துடாதீங்க. குழந்தையின் நுரையீரலைப் பலப்படுத்தும் ஸ்டீராய்டு ஊசி முழுப் பலன் தர ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். நீங்கள் சீக்கிரம் போனால்தான் குழந்தைக்கு அந்த ஒரு நாள் கிடைக்கும்.

அவசரத்துக்கு 999-ஐ அழையுங்கள். கர்ப்பகாலப் பதிவுப் புத்தகத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.