கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதி: வாடகையும் கூலியும்

கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில் ஆந்திர எல்லையை ஒட்டிய தொழில் நகரம். சென்னையிலிருந்து ஏறத்தாழ 45 கி.மீ. தொலைவில், கொல்கத்தா நெடுஞ்சாலையிலும் கூடூர் ரயில் பாதையிலும் அமைந்துள்ளது. இங்குள்ள சிப்காட் வளாகத்தில் இரும்பு உருக்காலைகள், கம்பி உருட்டாலைகள், ரசாயன ஆலைகள் இயங்குகின்றன. இவற்றில் ஒப்பந்தக் கூலிக்கு உழைப்பவர் வாடகையைச் சமாளிக்க முடியுமா என்பது பெரிதும் அவரது சொந்த ஊரைப் பொறுத்தது. பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கத்து ஆள் புறநகர் ரயிலிலோ கம்பெனி பஸ்ஸிலோ வந்து திரும்பிவிடுவார். வாடகைக் கவலை பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் ஆட்களுடையது.

அவர்கள் தங்குவது பெரும்பாலும் லைன் வீடுகளில்: வரிசையாக ஒற்றை அறைகள், எல்லோருக்கும் பொதுவான குழாய், கழிப்பறை. வாடகை தலைக்கு இவ்வளவு என்று பிரியும். பகல் ஷிப்ட்காரர் எழுந்த பாயில் இரவு ஷிப்ட்காரர் படுப்பதும் உண்டு. வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் வாடகை இருந்தால் தாங்கத்தக்கது என்பது அமெரிக்காவில் வழங்கும் அளவுகோல். அதன்படி பார்த்தால் இவர்களுக்குக் குறையே இல்லை; ஓர் அறையில் எத்தனை பேர் என்று அந்த அளவுகோல் கேட்பதில்லை. மனைவி, குழந்தைகளை அழைத்து வந்தால்தான் உண்மை தெரியும். முழு அறை வாடகையும் அட்வான்ஸும் ஒருவர் தலையில் விழும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாகக் கண்டிருந்தால் தவிர என்றும் சேர்த்துச் சொல்கிறது. அந்த விதிவிலக்கே விதியை விழுங்கிவிடுகிறது.

மற்றொரு வகை, வேலை கொடுப்பவரே தரும் தங்குமிடம். வெளிமாநிலத் தொழிலாளருக்கு உறைவிடம் தருவதை 1979ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்பந்தக்காரரின் கடமையாக்கியது. பெரியபாளையம், ஊத்துக்கோட்டை வட்டாரச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களிலிருந்து முன்பணம் வாங்கிய குடும்பங்கள் வருகின்றன. சூளையோரக் குடிசைக்கு வாடகை கிடையாது. ஆனால் வேலையை விட்டால் கூரையும் போகும். முன்பணம் கழியாமல் வேலையை விடவும் முடியாது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்தும், இம்மாவட்டச் சூளைகளிலிருந்து தொழிலாளர் மீட்கப்பட்ட செய்திகள் அதன் பிறகும் வந்துகொண்டிருந்தன.

வேலையும் கூரையும் ஒன்றாகப் போன காலம் 2020 ஊரடங்கு. வீட்டு உரிமையாளர்கள் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது என்று மத்திய உள்துறை மார்ச் 29 அன்று உத்தரவிட்டது. கூலி நின்றபின் ஒரு மாத விலக்கு எத்தனை நாளைக்கு? தொழிலாளர்கள் வடக்கு நோக்கி நெடுஞ்சாலையில் நடந்தார்கள். இதைத் தொடர்ந்து அவ்வாண்டு ஜூலையில் மத்திய அமைச்சரவை மலிவு வாடகைக் குடியிருப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது.

இவர்கள் வீடற்றோர் கணக்கிலும் வருவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாட்டில் சுமார் 17.7 லட்சம் பேரை வீடற்றோர் என்றது. நடைபாதை, மேம்பாலத்தடி போன்ற திறந்தவெளியில் கிடப்போரே அதில் சேர்வர். எட்டுப் பேர் படுக்கும் அறையும் சூளைக் குடிசையும் கூரை உள்ளவை என்பதால் அவற்றில் இருப்போர் அந்த எண்ணிக்கைக்குள் வரமாட்டார்கள்.

தமிழகத்தில் பெரிய அளவில் எழுந்த தொழிலாளர் குடியிருப்பு பக்கத்துக் காஞ்சிபுரம் மாவட்டத்தின் வல்லம் வடகாலில் உள்ளது. பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கிய பூந்தமல்லி அருகிலுள்ள விடுதியில் 2021 டிசம்பரில் உணவு நஞ்சாகி, அவர்கள் நெடுஞ்சாலையில் மறியல் செய்தபின் விடுதிகளின் நிலை வெளியே தெரிந்தது. அதன் பிறகு வல்லம் வடகாலில் சிப்காட் 706.50 கோடி ரூபாயில் கட்டிய 18,720 படுக்கைகள் கொண்ட வளாகம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. தனியாக வரும் பெண்களுக்கானது அது; குடும்பத்தோடு வரும் உருக்காலைத் தொழிலாளிக்கு அங்கே இடமில்லை.